எல்லாக் கருவியிலும் ஒரே குறிப்பேடு: ஓர் ஆசிரியரின் திறனாய்வு



ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. போன மாதம் பாடக்குழுக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தோம்? அந்தக் குறிப்பு இப்போது எங்கே இருக்கிறது? புலனக் குழுவில் மேலே மேலே தள்ளினால் வருமா? கைப்பேசியில் வெண்பலகையைப் பிடித்த படமாக இருக்கிறதா? மடிக்கணினியில் ‘புதிய கோப்பு 3’ என்ற பெயரில் தூங்குகிறதா? இல்லை, போன வருஷத்து விரலியிலா?

நானும் அப்படித்தான் இருந்தேன். கல்வியியல் டிப்ளோமா முடித்து இடைநிலைப்பள்ளிக்குத் தமிழ் கற்பிக்க வந்த புதிதில், என் குறிப்புகள் ஐந்து இடங்களில் சிதறிக் கிடந்தன. அப்போதுதான் ஒரு சக ஆசிரியர் குறிப்பேட்டுச் செயலி ஒன்றைக் காட்டினார். கைப்பேசியில் ஒரு வரி எழுதினார். மேசை மேலிருந்த மடிக்கணினியில் அதே வரி வந்து நின்றது. “இனிமே எதையும் தேட வேண்டாம் டீச்சர், எல்லாம் எல்லா இடத்திலும் இருக்கும்,” என்றார். அன்று இரவே பதிவிறக்கம் செய்தேன்.

சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். எந்தச் செயலி முதலிடம், எது இரண்டாமிடம் என்று மதிப்பெண் போடுவது என் நோக்கமில்லை. இந்தச் செயலிகள் எல்லாமே நமக்கு விற்கும் ஒரே சொல்லை மட்டும் சோதித்துப் பார்க்கிறேன். அந்தச் சொல் ‘எங்கும்’. குறிப்பு எங்கும் இருந்தால் போதுமா? ஆசிரியர் வேலைக்குப் போதாது என்பதே என் முடிவு. குறிப்பு தேடும்போது கிடைக்க வேண்டும். வேண்டியவர் கண்ணில் மட்டும் பட வேண்டும். அடுத்த ஆண்டும் நம் கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எந்தச் செயலியும் தானாகத் தருவதில்லை.

மூன்று செயலிகள், மூன்று குணங்கள்

நம் ஆசிரியர்களிடையே அதிகம் புழங்குபவற்றில் மூன்றை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாப்டின் ஒன்நோட் 2003-இல் வந்தது. அதன் அமைப்பு கோப்புறை போட்டுப் பழகிய நமக்கு எளிது: ஒரு நோட்டு, அதற்குள் பகுதிகள், பகுதிக்குள் பக்கங்கள். படிவம் 4-க்கு ஒரு நோட்டு. அதில் கட்டுரை, இலக்கணம், இலக்கியம் என்று பகுதிகள். ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு பக்கம். எழுத்து, படம், குரல்பதிவு, கையெழுத்து எல்லாம் ஒரே பக்கத்தில் சேரும். குறை என்னவென்றால், பக்கம் நிறைய நிறையக் கைப்பேசியில் திறக்க நேரமாகிறது. இணையம் இல்லாத இடத்தில் ஒரே பக்கத்தை இரண்டு கருவிகளில் திருத்திவிட்டால், அது இரண்டு பிரதிகளை நம் முன் வைத்து ‘எது சரி, நீயே பார்’ என்று விட்டுவிடும்.

எவர்நோட் 2008-இல் வந்தது. அதன் சின்னம் யானைத்தலை. யானை மறக்காது என்ற ஆங்கில வழக்கிலிருந்து எடுத்தது. இணையப் பக்கங்களை வெட்டிச் சேர்த்து வைக்க அது நல்ல கருவி. கூகுள் கீப் 2013-இல் வந்தது. மஞ்சள் ஒட்டுத்தாள் மாதிரி. ‘நாளைக்குப் படிவம் 3 நோட்டு திருப்பிக் கொடுக்கணும்’ என்ற அளவுக் குறிப்புக்கு அதைவிட வேகமான ஒன்று எனக்குத் தெரியாது. ஆனால் அதில் கோப்புறை கிடையாது, நிறமும் குறிச்சொல்லும்தான். இருநூறு குறிப்பு சேர்ந்துவிட்டால் ஒட்டுத்தாள் ஒட்டிய சுவர் மாதிரிதான் தெரியும்.

2020-இல் டெலிமா தளம் வந்த பிறகு நம்மில் பலருக்குக் கூகுள் கணக்கும் மைக்ரோசாப்ட் கணக்கும் இரண்டுமே இருக்கின்றன. அதனால் கருவி இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழில் தேடினால் கிடைக்கிறதா?

இந்தச் செயலிகளைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தேடியே சோதிக்கிறார்கள். நம் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. இங்கேதான் நான் பல முறை இடறி விழுந்தேன்.

முதல் இடறல், நம் மொழியின் இயல்பு. நீங்க ‘வாக்கியம்’ என்று தேடுறீங்க. உங்க குறிப்பில் ‘வாக்கியத்தை’, ‘வாக்கியங்கள்’, ‘வாக்கியப் பிழை’ என்று இருக்கிறது. நமக்கு எல்லாம் ஒரே சொல். இயந்திரம் எழுத்தை எழுத்தோடு பொருத்திப் பார்க்கிறது. ‘ம்’ இல்லாத இடத்தில் அதற்கு ‘வாக்கியம்’ இல்லை. மகரம் கெட்டு அத்துச் சாரியை வரும் என்று நாம் வகுப்பில் நடத்துகிறோமே, அந்தப் புணர்ச்சி விதிதான் தேடலில் வந்து நம்மை மடக்குகிறது. பரிகாரமும் இலக்கணத்திலேயே இருக்கிறது: மாறாத முற்பகுதியை மட்டும் தட்டுங்க. ‘வாக்கிய’ என்று தேடினால் மூன்றுக்கும் வழி திறக்கும்.

இரண்டாவது இடறல், கண்ணுக்குத் தெரியாதது. ‘ஔவையார்’ என்பதை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாகத் தட்டலாம். சிலர் ‘ஒ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டு ‘ஒளவையார்’ என்று தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். ‘மௌனம்’, ‘மெளனம்’ கதையும் அதேதான். முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் ‘மெ’யும் ‘ள’வும். படிவம் 4 மாணவர்கள் ஒரு திட்டப்பணிக்காகத் தட்டி அனுப்பிய பக்கங்களில் ‘ஔவையார்’ என்று தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. பிள்ளைகள் வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திட்டியே விட்டேன். பிறகு கீழே இறங்கிப் பார்த்தால் நான்கு பக்கம் இருக்கிறது, எல்லாமே ‘ஒ’வும் ‘ள’வும். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அதையே எழுத்துப்பிழைப் பாடமாகவும் நடத்தினேன்.

மூன்றாவது, பழைய கோப்புகள். மூத்த ஆசிரியர்கள் அன்போடு கொடுத்த பயிற்சித் தாள்களில் பல, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அழகான தமிழ். இல்லாத கைப்பேசியில் புரியாத ரோமன் எழுத்துக்குவியல். அதைச் செயலியில் போட்டு வைப்பது, பூட்டிய பெட்டியைச் சாவி இல்லாமல் வீடு வீடாகத் தூக்கிப் போவதற்குச் சமம். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்க. முடியாவிட்டால் தலைப்பையாவது யூனிகோடில் தட்டி மேலே வையுங்க.

நான்காவது, மாணவர் பெயர். ஒரு குறிப்பில் தமிழிலும் இன்னொன்றில் ரூமியிலும் எழுதினால், பாதி வரலாறுதான் தேடலில் கிடைக்கும். பள்ளிப் பதிவேட்டில் ரூமியில்தான் பெயர் இருக்கிறது. ஆகவே ஏதாவது ஒன்றை முடிவு செய்து அதிலேயே நிற்க வேண்டும்.

‘எங்கும் இருக்கிறது’ என்று சொன்ன செயலி பொய் சொல்லவில்லை. எங்கும் இருந்தது. எனக்குத்தான் கிடைக்கவில்லை.

யார் கண்ணில் படுகிறது?

இனிச் சொல்லப்போவது எனக்குச் சுலபமான கதை இல்லை. செயலியின் பெயரும் முக்கியமில்லை, பிழை என்னுடையது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாள் காலையில் பள்ளி வாசலில் ஒரு தாயைச் சந்தித்தேன். படிவம் 5 மாணவனின் அம்மா. கணவருக்கு வேலை போய்விட்டதையும், பையன் சில நாள் காலைச் சாப்பாடு இல்லாமல் வருவதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறந்துவிடக் கூடாதே என்று, நின்ற இடத்திலேயே கைப்பேசியில் பையன் பெயரைத் தலைப்பாகப் போட்டு இரண்டு வரி எழுதினேன். உதவிநிதிக்கு யாரைக் கேட்பது என்று ஒரு வரி. நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன்.

அன்று பிற்பகல் அதே வகுப்பு. மாதிரிக் கட்டுரை காட்டலாம் என்று மடிக்கணினியைப் புரொஜெக்டரில் இணைத்துச் செயலியைத் திறந்தேன். அது என்ன செய்யும்? கடைசியாக எழுதிய குறிப்பைத்தான் முதலில் காட்டும். பெயரும் முதல் இரண்டு வரியும் சுவர் அளவு எழுத்தில் வந்து நின்றன. நான்கைந்து விநாடி இருக்கும். நான் மூடிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் திட்டிவிட்டுக் கடந்திருக்கலாம். வகுப்பே அமைதியாக இருந்தது. இரண்டாவது வரிசையில் அவன் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு தமிழ் வகுப்புகளுக்கு அவன் வரவில்லை. நானே தேடிப் போய்ச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் பார்த்துப் பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றுதான் கேட்டான்: “டீச்சர், அதை அழிச்சிட்டீங்களா?”

அழித்துவிட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அழியவில்லை, குப்பைத்தொட்டிக்குப் போயிருந்தது. நீங்களும் தெரிந்துகொள்ளுங்க: கீப்பில் நாம் அழித்த குறிப்பு 7 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஒன்நோட்டில் அழித்த பக்கம் 60 நாள் வரை மீட்கும் நிலையில் இருக்கும். எவர்நோட்டில் குப்பைத்தொட்டியை நாமே காலி செய்ய வேண்டும். தவறுதலாக அழித்தவருக்கு இது வரம். ஒரு பிள்ளைக்கு ‘அழித்துவிட்டேன்’ என்று வாக்குக் கொடுத்த ஆசிரியருக்கு இது இன்னொரு வேலை.

இங்கே என் குற்றச்சாட்டு இதுதான். கட்டுரை மாதிரி, கூட்டக் குறிப்பு, மளிகைப் பட்டியல், ஒரு குடும்பத்தின் துயரம், நான்கையும் இந்தச் செயலிகள் ஒரே மாதிரிச் சீட்டாகத்தான் பார்க்கின்றன. நாம் பிரித்துச் சொல்லாதவரை அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய நாளில் இந்த வித்தியாசத்தைப் பொருளே காத்தது: பாடக்குறிப்பு மேசை மேலே, மாணவர் கோப்பு பூட்டிய அலமாரியில். எல்லாம் ஒரே கண்ணாடித் திரைக்குள் வந்தபோது அந்த அலமாரியின் கதவு போய்விட்டது. ஒன்நோட்டில் ஒரு பகுதிக்கு மட்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம்; பூட்டியிருக்கும்வரை தேடலிலும் அது வராது. இருந்தும் நம்மில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறோம்?

கணக்கு யாருடையது?

எவர்நோட்டை நம்பிப் பல ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்தவர்களுக்கு 2016-இல் ஓர் அறிவிப்பு வந்தது: இலவசக் கணக்கை இனி இரண்டு கருவிகளில் மட்டுமே இணைக்கலாம். கைப்பேசி, வீட்டுக் கணினி, பள்ளிக் கணினி என்று மூன்றில் வைத்திருந்தவர் ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. பிறகு நிறுவனம் கைமாறியது; 2022-இல் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் அதை வாங்குவதாக அறிவித்தது. 2023 டிசம்பரில் புதிய விதி: இலவசமாக 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டு. ஒரு பருவத்துப் பாடக்குறிப்புக்கே 50 போதாது.

நிறுவனத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு அது வியாபாரம். நாம் படிக்க வேண்டிய பாடம், ‘எங்கும்’ என்ற வாக்குறுதிக்குக் காலக்கெடு உண்டு என்பது. வேலைக்கணக்கும் அப்படித்தான். பணிக்காகக் கொடுத்த கணக்கு பணி இருக்கும்வரைதான் நம்முடையது. அதில் சேர்த்த சொந்தப் பயிற்சிகளையும், எழுதிய கவிதைகளையும், பிள்ளைகளின் பழைய கட்டுரைகளையும் ஓய்வு பெறும் நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது ‘உள்ளே எப்படிப் போடுவது’ என்று பார்க்கும் அதே கவனத்தோடு ‘வெளியே எப்படி எடுப்பது’ என்றும் பாருங்க. கீப்பில் உள்ளவற்றைக் கூகுளின் டேக்அவுட் வழியாக மொத்தமாக எடுக்கலாம். விண்டோஸ் கணினியிலுள்ள ஒன்நோட்டிலிருந்து பிடிஎப் ஆகவோ வேர்ட் கோப்பாகவோ எடுக்கலாம். எவர்நோட்டுக்கும் ஏற்றுமதி வழி உண்டு. ஆண்டு இறுதி விடுமுறையின் முதல் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளே, உங்களைத் தனியாகக் கூப்பிடுகிறேன். வெண்பலகையைப் படம் பிடித்துவிட்டு ‘நோட்ஸ் எடுத்துட்டேன் டீச்சர்’ என்கிறீர்கள். படம் எடுத்தது கைப்பேசி. நீங்க இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை.

2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்களையும் கையால் எழுதுபவர்களையும் ஒப்பிட்டார்கள். தட்டச்சு செய்தவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்தார்கள். கருத்தைப் புரிந்து சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களே மேலாகச் செய்தார்கள். 2021-இல் வேறு ஒரு குழு அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது, சொல்லுக்குச் சொல் எடுக்கும் பழக்கம் மீண்டும் தெரிந்தது. மதிப்பெண் வித்தியாசம் தெளிவாக வரவில்லை. ஆகவே ‘பேனாதான் உயர்வு, திரை தாழ்வு’ என்று நான் சொல்ல மாட்டேன். எதில் எழுதினாலும் உங்க சொந்தச் சொல்லில் சுருக்கி எழுதுங்க என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று அதைவிட உறுதியானது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு பிரிவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றதை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, இல்லையா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். செயலிச் சுரைக்காயும் அப்படித்தான். தேர்வு மண்டபத்துக்குள் கைப்பேசி வராது. குறிப்பைத் திறப்பதற்கு முன் வெறுந்தாளில் ஐந்து கருத்து எழுதுங்க. பிறகு செயலியைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்க. அந்தச் சிவப்பு வரிகள்தான் நாளைக்கு நீங்க படிக்க வேண்டியவை.

நான் இப்போது செய்வது

செயலியை விட்டுவிடவில்லை. இன்றும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் சில வழக்கங்களோடு.

தலைப்பு எப்போதும் ஒரே வரிசையில்: ஆண்டு, படிவம், பகுதி, பொருள். ‘2025 ப5 கட்டுரை வாதம்’. வேற்றுமை உருபு சேர்க்க மாட்டேன். சொல் எழுவாய் வடிவில் நிற்கும். ஆண்டு முதலில் வருவதால் பட்டியல் தானாக ஒழுங்காகிறது.

அவசரக் குறிப்புக்குக் கீப்; நிலையான பாடக்குறிப்புக்கு ஒன்நோட். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம், கீப்பில் உள்ளதை ஒன்நோட்டுக்கு மாற்றுவேன் அல்லது அழிப்பேன். குப்பைத்தொட்டியையும் பார்ப்பேன்.

மாணவரின் குடும்ப விஷயம் எந்தச் செயலியிலும் இல்லை. அதற்கென்று ஒரு சின்ன நோட்டு, பூட்டிய இழுப்பறையில். அது எல்லாக் கருவியிலும் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். ஆலோசகரிடம் சொல்ல வேண்டியதை நேரில் போய்ச் சொல்கிறேன்.

புரொஜெக்டரில் இணைப்பதற்கு முன் செயலியை மூடிவிட்டு, காட்ட வேண்டிய கோப்பை மட்டும் தனியாகத் திறக்கிறேன். கைப்பேசி அறிவிப்புகளையும் நிறுத்திவிடுகிறேன்.

இவை பெரிய தந்திரங்கள் இல்லை. வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் ஒழுங்காக வைத்த நம் மூத்த ஆசிரியர்களுக்குக் கருவி இல்லாமலேயே தெரிந்த ஒழுக்கம்தான். எதை எழுதுவது, எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது என்று அவர்கள் எழுதும்போதே முடிவு செய்தார்கள். செயலி வந்ததும் அந்த முடிவையும் சேர்த்து அதனிடம் கொடுத்துவிட்டோம். அது வாங்கிக்கொள்ளவே இல்லை.

அந்தப் பையன் திரும்பி வந்து எஸ்.பி.எம். எழுதினான்; தமிழும் எழுதினான். அவனைப் பற்றி இங்கே எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். “பேர் போடாதீங்க டீச்சர், மத்தபடி எழுதுங்க. மத்த டீச்சருங்களுக்கும் தெரியட்டும்,” என்றான். அதனால்தான் எழுதினேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்க செயலியைத் திறந்து, மேலே முதலில் தெரியும் குறிப்பு எது என்று ஒரு தடவை பாருங்க.